கத்திரிப்பூச் சட்டை

"முடியாது தம்பி. தலைகீழா நின்னாலும் நான் மேடை ஏற மாட்டேன்."

ஐந்தாவது முறையாகச் சொல்லிவிட்டார் லாண்டரி அம்மா. கால்பந்து கிளப்பின் செயலாளரும் விடுவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிளப்பின் புகழ்பெற்ற கத்திரிப்பூச் சட்டைக்கு வெள்ளிவிழா. இந்த அம்மாவின் படத்தோடு ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. 'அவங்க வரலைன்னா நீயும் ஆபீஸ் பக்கம் வராதே' என்று தலைவர் வேறு வாழ்த்தி அனுப்பியிருந்தார்.

"உங்க கையால வெளியிட்டாத்தாம்மா புதுச் சட்டைக்கு மரியாதை. அந்த டிசைனே உங்களுது!"

"டிசைனாவது மண்ணாவது! சாயம் ஒட்டின சட்டை."

அதுதான் விஷயமே. இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால், வெளியூரில் இறுதிப் போட்டி. அந்த ஊர் அணிக்கும் சிவப்புச் சட்டை, இவர்களுக்கும் சிவப்புச் சட்டை. அதனால் வெளியூர் ஆட்டத்துக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சட்டைகளை, இந்த அம்மா வேலை பார்த்த கிளப் லாண்டரியில் துவைக்கப் போட்டார்கள். கூடவே கத்திரிப்பூ நிறத் திரைச்சீலை ஒன்று எப்படியோ மெஷினுக்குள் போய்விட்டது. ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட சட்டைகள், தோளிலிருந்து இடுப்புவரை சாய்வாகக் கோடு கோடாய் வெளியே வந்தன. வேறு சட்டை கிடையாது. ஆனது ஆகட்டும் என்று அதையே மாட்டிக்கொண்டு இறங்கியவர்கள், ஐந்து கோல் போட்டுக் கோப்பையைத் தூக்கி வந்தார்கள்.

"டிசைன் காலேஜ்ல இதைப் பாடமாவே வெச்சிருக்காங்கம்மா. பெரிய பெரிய கம்பெனியெல்லாம் காப்பியடிச்சுப் பாத்துடுச்சு, அந்தக் கோடு வரவே மாட்டேங்குது. பொறந்த குழந்தைக்குக்கூட அந்தக் கலர்லதான் சட்டை வாங்குறாங்க. சும்மாவா? அஞ்சு கோல்மா, அஞ்சு!"

"ஐயோ, மெதுவாப் பேசுங்க தம்பி!" அம்மா பதறிப்போய் உள் அறையைத் திரும்பிப் பார்த்தார். கதவு ஒருக்களித்திருந்தது. "அவர் படுத்திருக்கார்."

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். இப்படியும் அடக்கமான ஒரு மனுஷியா! கூட்டத்துக்கு நாலு நாற்காலி எடுத்துப் போட்டாலே ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளும் தன்னை நினைத்து அவருக்கே கூச்சமாகிவிட்டது.

"தெரியாம நடந்த தப்புதானேம்மா. அதுல ஒரு அதிர்ஷ்டம் அடிச்சுது. வந்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிடுங்க, போதும். இல்லேன்னா என் வேலைக்கு வேட்டு. ரெண்டு பிள்ளைங்க படிக்குதும்மா."

அம்மாவின் முகம் இளகியது. நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு கிசுகிசுத்தார்.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன் தம்பி. அது தெரியாம நடக்கல. திரைச்சீலையை நான்தான் வேணும்னே உள்ளே போட்டேன்."

"என்னம்மா சொல்றீங்க? எதுக்கு?"

"போட்டுக்கச் சட்டை இல்லேன்னா ஆட முடியாது, கோப்பை அந்த ஊருக்கே போயிடும்னு நெனச்சேன். அவங்க கோல்கீப்பருக்கும் எனக்கும் அப்பத்தான் கல்யாணம் நிச்சயமாகியிருந்துச்சு. அவர் ஜெயிக்கணும்னு செஞ்சேன். கடைசியில அஞ்சு கோலும் அவர் தலையிலயே விழுந்துச்சு. அத்தோட டீமை விட்டே தூக்கிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் நான் அவர்கிட்ட மூச்சு விடல. மேடையில மைக்கைப் பிடிச்சு எதையாவது உளறிட்டேன்னா, அப்புறம் அவர் என் மூஞ்சியில முழிப்பாரா?"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. கதவு படாரென்று திறந்தது. வாசல்படியை அடைத்துக்கொண்டு நெடுநெடுவென்று நின்றார் வீட்டுக்காரர். அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அடிப்பாவி! அந்தக் கோட்டைப் பாத்துக் கண்ணு சுத்தி நான் பந்தை விடணும்னுதான் நீ சாயம் ஏத்தியிருப்பேன்னு இருபத்தஞ்சு வருஷமா மனசுக்குள்ளயே பூட்டி வெச்சிருந்தேனே, எனக்காகவாடி பண்ணினே?" என்றவர், வாயெல்லாம் பல்லாகச் செயலாளரிடம் திரும்பினார். "மேடையில ரெண்டு நாற்காலியாப் போடுங்க சார், நானே கூட்டிட்டு வர்றேன்!"