எருக்கம்பால்

பெசன்ட் நகர் மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்ததும், டீனா போனை நீட்டினாள்.

"நம்ம கோயில் அன்பியம் வாட்ஸ்அப் குரூப்ல வந்துச்சு ஆன்ட்டி. எங்க வீட்டுக்காரர் நோயல் முதுகுல இருக்கிற மருவுக்கும் இதையே வெக்கலாம்னு இருக்கேன்."

வீடியோவில் ஒரு பெண்ணின் கை, ஆணின் முதுகிலிருந்த கறுப்பு மருவில் எருக்கம்பால் தடவியது. "எரியுதுடி" என்று அவன் சிரித்தான்.

"வேணாம். டாக்டர்கிட்ட காட்டு" என்றாள் லூயிசா.

"இவருக்கு நாலே நாள்ல உதிர்ந்துடுச்சாமே?"

"மேலதான் உதிர்ந்துச்சு. உள்ள கேன்சர். ஆறு மாசத்துல போய்ட்டாரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

லூயிசா தன் கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். வீடியோவிலிருந்த கையிலும் அவள் கையிலும் ஒரே கல்யாண மோதிரம்.

"ஹென்றியை அடக்கம் பண்ண அன்னிக்கே நான் போட்ட இந்த வீடியோவை அழிச்சிட்டேன் டீனா."

போனில் ஹென்றி மறுபடியும் முதலிலிருந்து சிரித்தான்.