பாதி ஷட்டர்

பிணம் போகும்போது ஷட்டரைப் பாதி இறக்குவது அந்தக் கடைவீதியின் வழக்கம். இப்போது இறக்க ஷட்டரே இல்லை. நாற்பது கடைகளையும் விழுங்கிவிட்டு ஒரே பெரிய கடை, வாடிக்கையாளரின் முகத்தைக் கேமராவில் அடையாளம் கண்டு பேர்சொல்லி அழைக்கும் ஒரே கண்ணாடிக் கதவு.

மளிகைக்கடை பூவலிங்கத்தின் பாடை வந்தது. ஒருகாலத்தில் அவருக்கு எதிர்க்கடை வைத்திருந்து, இப்போது அந்தப் பெரிய கடையில் தரை துடைக்கும் உத்தண்டு வாசலில் கைகட்டி நின்றார்.

பாடையில் தெரிந்த முகத்தைப் பார்த்ததும் கதவு தானாகத் திறந்தது. "வாங்க பூவலிங்கம் அண்ணாச்சி! பத்து நாளா ஆளையே காணும்? வெயில்ல நிக்காதிய, உள்ள வாங்க!" என்றது ஊர்ப் பேச்சிலேயே.

தூக்கியவர்கள் திகைத்து நின்றார்கள். கதவு கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"செத்த பொறவும் விடமாட்டியாலே?" உத்தண்டு ஓடிப்போய், கோடித்துணியை இழுத்து அண்ணாச்சியின் முகத்தை மூடினார்.

அதற்கப்புறம்தான் கடை சாத்திக்கொண்டது.