வெளிப்பக்கப் பூட்டு

கம்பிக் கதவின் இடுக்கு வழியாகக் கையை வெளியே நீட்டி, பூட்டை வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டுப் பூட்டினார் ஆம்ப்ரோஸ். பிறகு மரக்கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

வெளியிலிருந்து பார்த்தால் வீட்டில் யாரும் இல்லை. உள்ளே அவர், மனைவி பிரிஜட், எட்டு வயது மகள் பெட்டி என மூன்று பேரும் இருந்தார்கள்.

எல்லாம் வெயிலால் வந்த வினை. ஜூன் மாதம், சனிக்கிழமை, மணி மூன்று. தோ பாயோவில் அவர்கள் இருந்த அடுக்குமாடி புளோக்கில் அன்று கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் கூடிச் செய்யும் துப்புரவு வேலை. வீட்டுக்கு ஒரு ஆளாவது வந்து புல் வெட்ட வேண்டும், சாக்கடையைத் தள்ள வேண்டும், காரிடாரைக் கழுவ வேண்டும்.

ஏற்பாடு செய்த வடிவேலு போன வாரமே வந்து பெயர் கேட்டார். அன்றைக்குக் குவீன்ஸ்டவுனில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறோம் என்று ஆம்ப்ரோஸ் கூசாமல் சொல்லிவிட்டார். நிஜமாகவே போயிருக்கலாம்தான். அதற்கும் பஸ் ஸ்டாப்பில் வெயிலில் நிற்க வேண்டுமே.

ரேடியோ கூடாது, ஜன்னல் திறக்கக் கூடாது. மின்விசிறி கிறீச்சென்று கத்தும் என்பதால் அதுவும் கூடாது. கீழே வேலை செய்கிறவர்களுக்காவது கொஞ்சம் காற்று வந்தது. இவர்கள் மூவரும் உள்ளே இட்லி மாதிரி வெந்துகொண்டிருந்தார்கள்.

பெட்டி அப்பாவின் காதோடு கேட்டாள். "காலையிலதான் ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்தேன். இப்ப வீட்டுல இருந்துக்கிட்டே இல்லாத மாதிரி இருந்தா, அது பாவம் இல்லையாப்பா?"

மறுநாள் காலை அவளுக்குப் புது நன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். ஒரு மாதமாகவே அவளுக்கு எதைத் தொட்டாலும் பாவமா, பாவமில்லையா என்ற கேள்விதான்.

"நாம பொய் ஒண்ணும் சொல்லலையே. பேசாமதானே இருக்கோம்," என்றார் ஆம்ப்ரோஸ்.

"நல்லா ஞான உபதேசம் சொல்லிக் குடுக்கிறீங்க," என்றாள் பிரிஜட்.

காரிடாரில் துடைப்பச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு கதீஜா அக்கா. ஐம்பது வயதுக்கு மேல், தனி ஆள். நோன்பு மாதம் வேறு, விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கூட்டிக்கொண்டிருந்தார். இவர்கள் வெளியே போயிருக்கும்போது மழை வந்தால் துணியை எடுத்து வைப்பதும் அவர்தான். தன் வாசலோடு நிற்காமல் இவர்கள் வாசலையும் சேர்த்து அவர் கூட்டுவது உள்ளே நன்றாகவே கேட்டது. ஆம்ப்ரோஸுக்கு உறுத்தியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் பிரிஜட் நெஞ்சில் கை வைத்தாள். பெட்டியின் வெள்ளைக் கவுன்! புது நன்மைக்கென்று இரண்டு மாதம் உட்கார்ந்து லேஸ் வைத்துத் தைத்தது. காலையில் அலசி, சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் போட்டிருந்தாள்.

கண்ணாடி இடுக்கில் பார்த்தார்கள். கழி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நேர் கீழே வடிவேலுவும் இருபது பேரும். ஜன்னலைத் திறந்தால் மானம் போய்விடும்.

அவர்கள் அந்தப் பக்கம் நகரட்டும், அஞ்சே நிமிஷம் என்றார் ஆம்ப்ரோஸ். காற்று அஞ்சு நிமிஷம் பொறுக்கவில்லை. கவுன் கழியிலிருந்து உருவிக்கொண்டு நாலு மாடி கீழே, அப்போதுதான் அள்ளிப்போட்ட சாக்கடைச் சேற்றில் போய் விழுந்தது.

பெட்டிக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று அவளாகவே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதைத்தான் ஆம்ப்ரோஸால் தாங்க முடியவில்லை. சீ, நானும் ஒரு அப்பனா என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது. சாவியை எடுத்துக்கொண்டு கதவு வரை போனார். வெளியே, மாடிக்கு ஏறி வந்துவிட்ட வடிவேலு கதீஜா அக்காவிடம் ஏதோ விசாரிக்கும் குரல் கேட்டது. கால் அங்கேயே நின்றுவிட்டது.

ஐந்து மணிக்கு மேல்தான் ஆள் அரவம் அடங்கியது. இனி யார் பார்த்தாலும் சரி, நானே போய்த் தேடுகிறேன் என்று பிரிஜட் கிளம்பினாள். ஆம்ப்ரோஸ் மரக்கதவைத் திறந்தார்.

கம்பிக் கதவில், ஹேங்கரில் தொங்கியது கவுன். ஒரு பொட்டு சேறு இல்லை. துவைத்து, லேஸ் மடிப்பைக்கூட நீவிவிட்டு, இஸ்திரி போட்ட சூடு இன்னும் ஆறாமல் இருந்தது.

பூட்டைத் திறக்க ஆம்ப்ரோஸ் கம்பி வழியாகக் கையை வெளியே விட்டார். அடுத்த வாசலில் துடைப்பத்தோடு நின்ற கதீஜா அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்பதான்க்கா வந்தோம் என்ற வார்த்தை ஆம்ப்ரோஸின் நாக்கு நுனி வரை வந்தது. பெட்டி அவர் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, நாங்க எங்கேயும் போகல," என்றார்.

"தெரியும் தம்பி. நிஜமா வெளிய போற அன்னிக்கெல்லாம் பிரிஜட் சாவிய எங்கிட்டதானே குடுத்துட்டுப் போவா?"

ஆம்ப்ரோஸ் பூட்டைக் கழற்றிவிட்டு வெளியே வந்தார்.

"வடிவேலு வந்து கேட்டாரு. ஆமாலா, காலையிலயே போயிட்டாங்கன்னு சொல்லிட்டேன். நோன்பு வாயால ஒரு பொய். அல்லாதான் மன்னிக்கணும்."

மாடிப்படி மட்டும் இன்னும் கூட்டாமல் கிடந்தது. ஆம்ப்ரோஸ் துடைப்பத்துக்குக் கை நீட்டினார். கதீஜா அக்கா கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"அடுத்த தடவ வீட்டுக்குள்ளயே ஒளிஞ்சாலும், சாவிய எங்கிட்ட குடுத்துட்டு ஒளிங்க தம்பி. காத்தடிச்சா துணிய எடுக்க வேணாமா?"