கெங்கம்மாவை முறுக்கவும்

“சாயங்காலத்துக்குள்ள அத்தனை வீடியோவையும் அழிச்சுடுங்க. இல்லேன்னா கேஸ்தான்!”

கல்மண்டபத்துப் படகு இன்ஜின் பட்டறையில், போட்ட நாற்காலியில் உட்காராமலே பேசினார் பெனிட்டோ. இன்ஜின் கம்பெனி அதிகாரி. சும்மாவா? வந்த கார் பட்டறை வாசலையே அடைத்துக்கொண்டு நின்றது.

பட்டறை நடத்தும் பகலவன் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். ஒன்றா, இரண்டா? அவன் நெட்டில் போட்டது முன்னூறு வீடியோ! ரிப்பேர் பார்க்கும் கைகள் மட்டும் தெரியும். பின்னால் பகலவனின் குரல் கேட்கும்.

“இன்னாத்துக்கு சார் அழிக்கணும்?”

“எல்லாம் எங்க புதுக் கையேட்டுலேர்ந்து திருடினது. சொந்தச் சரக்கா இருந்தா எவனாவது ஊருக்கெல்லாம் சும்மா சொல்லிக் குடுப்பானா?”

பகலவனுக்குச் சுருக்கென்றது.

“நடுக்கடல்ல இன்ஜின் நின்னா, மெக்கானிக்கு நீந்திகினா சார் போவான்? போட்டுல கீறவனுக்கே தெரிஞ்சாத்தான் வூடு வந்து சேருவான். போன மாசம் எட்டுப் பேரு, போன்ல ஏத்தி வச்ச வீடியோவப் பாத்து, அவங்களே ரிப்பேர் பண்ணிகினு கரைக்கு வந்தாங்க. அதுக்கு இன்னா வெலை போடறது?”

சொல்லும்போதே அவன் நெஞ்சு நிமிர்ந்தது. அத்தனை பெருமை!

“பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்கே உங்க மெக்கானிக்? அவர் மேலயும் கேஸ் உண்டு.”

பகலவன் மூலையில் நின்ற பெரிய இன்ஜினைக் கை காட்டினான். அதன் அடியிலிருந்து வந்துகொண்டிருந்த ஸ்பேனர் சத்தம் சட்டென்று நின்றது.

பெனிட்டோ கையேட்டை விரித்தார். “இதோ ஆதாரம். நாற்பதாம் பக்கம். ‘பம்ப்பில் தண்ணீர் ஒழுகினால், கெங்கம்மாவை அரைச் சுற்று முறுக்கவும்.’ உங்க வீடியோவுலயும், ‘கெங்கம்மா, அரை சுத்து முறுக்கு’ன்னு அதேதான் வருது!”

பகலவன் எட்டிப் பார்த்தான். அச்சில் அப்படியேதான் இருந்தது.

“கெங்கம்மான்னா இன்னா சார்?”

“பம்ப்புல இருக்கற நட்டுக்கு இந்தப் பக்கத்துத் தொழில் பேரு. அதுகூடத் தெரியாமலா திருடினீங்க?”

அவ்வளவுதான். பகலவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“ஏ மெக்கானிக்கு, வெளிய வா! உன்ன அரை சுத்து முறுக்கணும்னு கம்பெனியே புக்கு போட்டுகீது!”

இன்ஜினுக்கு அடியிலிருந்து, முழங்கை வரை கிரீஸோடு எழுந்து வந்தாள் அவன் மனைவி கெங்கம்மா.