இருபத்தெட்டில் நின்ற காற்று

மழை விட்ட காலை. செங்கம் ரோட்டில் காற்றடிக்கும் கடை முன்னால், இரண்டே பேர் உட்காரும் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கிறது. அதன் ஈரமான பானெட்டில் எதிரே இருக்கும் மலையின் பிம்பம் தலைகீழாகப் படுத்திருக்கிறது. அடுத்த டீக்கடையில் என் கிளாஸ் ஆறிக்கொண்டிருக்க, நான் வெட்கமில்லாமல் காரையே பார்க்கிறேன். கடைக்காரர் மஹீன் குழாயை இழுத்து வந்து, "எவ்ளோ வைக்கணும்மா?" என்கிறார். "முப்பத்திரண்டு" என்கிறாள் ஓட்டி வந்த ஆர்த்தி. "இருபத்தெட்டு" என்கிறார் அவள் அம்மா, அதே மூச்சில். "அம்மா, கதவுல முப்பத்திரண்டுனு ஒட்டியிருக்கு பாரு. கம்மியா வெச்சா டயர் ஓரம் தேஞ்சிடும்." "உங்கப்பா இருந்தவரைக்கும் இருபத்தெட்டுதான்டி வெச்சாரு." "அதான் ஏன்னு கேக்கறேன்." அம்மா கதவில் நிற்கும் நீரைப் புடவைத் தலைப்பால் ஒற்றி எடுக்கிறார். "நீ வயித்துல இருந்தப்போ வண்டி ஜாஸ்தி குலுக்குச்சு. அதான் காத்தைக் கம்மி பண்ணாரு. நீ பொறந்த அப்புறமும் ஏத்தவே இல்ல." மஹீன் குழாயைப் பிடித்தபடி நிற்கிறார். நெல் மூட்டை ஏற்றிய வேன் ஒன்று சேற்றை வாரித் தெளித்துவிட்டுப் போகிறது. "நீதானே ஓட்டப்போற, ஏத்திக்கோ" என்கிறார் அம்மா. உஸ்ஸென்று காற்று ஏற ஏற, கார் ஒரு நூல் நிமிர்கிறது. நான்கு சக்கரமும் முடிந்து கிளம்புகிறார்கள். டீக்கடைக்கு நேராக இருக்கும் வேகத்தடையில் கார் தடக்கென்று ஏறி இறங்குகிறது. என் பக்கத்து ஜன்னலுக்குள், அம்மாவின் கை தானாக வயிற்றுக்குப் போகிறது.