நடுவில் வந்த தேதி

ஆய்வகத்தின் ஜன்னலோர மேசையில் ருமியானா, எதிரே அவளோடு வேலை பார்க்கும் ஸ்திராவ்கோ, கதவருகே முக்காலியில் பனிட்சா தின்றபடி தபால்காரர் பெஞ்சோ. சோபியா நகர மருத்துவக் குழுவுக்கான உறைக்காக அவர் காத்திருந்தார்.

நோயுற்ற மூன்று குழந்தைகளின் ரத்தத்தில் மிகையாக இயங்கும் மரபணுக்களை, குழந்தைக்கொரு வட்டமாகக் கணினியில் வரைந்திருந்தார்கள். வட்டங்கள் மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று படியும் நடுவில்தான் பொதுவானவை வரும். அந்தப் படம் குழுவுக்குப் போனால்தான் மருந்து வரும், அதுவும் நவம்பர் இருபதாம் தேதிதான். ஒரு குழந்தை ருமியானாவின் மகள் போயானா.

நடுவில் ஒன்றே ஒன்று இருந்தது: நவம்பர் 17.

"அட்டவணை மென்பொருளோட பழைய சேட்டைக்கா. மரபணுப் பேரைத் தேதின்னு நினைச்சு மாத்திடும்" என்று சிரித்தான் ஸ்திராவ்கோ.

"மார்ச், செப்டம்பர்னு மாறும்டா. நவம்பரா மாற எந்தப் பேரு இருக்கு?"

அவன் தேடிப் பார்த்தான். இல்லை. அவள் அதை அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். நவம்பர் 16. மறுபடியும் வரைந்தாள். 15. அன்று நவம்பர் ஒன்பதாம் தேதி.

"இன்னொரு தடவை..."

"கையை எடுடா! ஒவ்வொரு தடவையும் பிள்ளைங்களுக்கு இருக்கிற நாள்ல ஒண்ணு போகுது."

"அப்ப அச்சாவது எடுத்துடலாம்க்கா."

"அச்செடுத்தா அது திரும்ப வரையும்."

"அம்மா, வண்டி நாலு மணிக்கு" என்றார் பெஞ்சோ.

ருமியானா வெள்ளைத் தாளில் பேனாவால் மூன்று வட்டங்கள் போட்டாள். நடுவில் மூன்று குழந்தைகளின் பெயர்களையும் எழுதி, பதினான்காம் தேதிக்குள் மருந்து வேண்டும், காரணம் கேட்காதீர்கள் என்று முடித்தாள். உறையை ஒட்டி, முத்திரை குத்தி, பெஞ்சோவின் கையில் கொடுத்தாள்.