நாலாவது பாட்டுக்கு முன்

மூன்றாவது பேண்ட் மேடையிலிருந்து இறங்கிவிட்டது. அடுத்தது 'துருவேறி'.

அவள் முன்வரிசைக்குப் போகவில்லை. தூணை ஒட்டி நின்றுகொண்டாள்.

கல்யாண மண்டபம். ஏசி போட்டும் வேர்த்துக் கொட்டியது. ஐந்து ஹெவி மெட்டல் இசை பேண்டுகளுக்கு மதியம் ஒன்றிலிருந்து ஆறு மணி வரைதான் இடம். ஏழு மணிக்கு அதே மேடையில் யாருக்கோ வரவேற்பாம். இருநூறு கறுப்பு டீ-ஷர்ட்டுகள் தலையைச் சுழற்றி ஓய்ந்து நிற்க, கீழே பந்தி ஹாலிலிருந்து சாம்பார் தாளிக்கிற வாசனை ஏறி வந்தது. இந்த ஊரில் மெட்டல் கேட்கிறவன் தலையெழுத்து அது.

மேடையில் எட்வின் கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான்.

'துருவேறி' அவனும் அவளும் சேர்ந்து ஆரம்பித்த பேண்ட். அவன் கிடார். அவள் குரல்.

என்ன குரல் அது! பேர் என்னவோ பொற்கொடி. வாயைத் திறந்தால் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம். முகம் முழுக்கக் கரியைப் பூசிக்கொண்டு, முடியை முன்னால் விரித்துப் போட்டுக்கொண்டு உறுமுவாள். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது.

ஆபரேஷன். மூன்று மாதம் வாயைத் திறக்கக்கூடாது என்றார் டாக்டர். திறந்தபோது நூல் மாதிரி ஒரு குரல் வந்தது. ஆட்டோக்காரரிடம் போகிற இடத்தை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த மூன்று மாதத்துக்குள் எட்வின் வேறு ஆளைப் பிடித்துவிட்டான். சும்மா சொல்லக்கூடாது, புதுப் பாடகன் நன்றாகத்தான் உறுமுகிறான். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

பாட்டுகள் அவள் எழுதியவை. அத்தனையும். இரண்டு வருடமாக அவள் பேர் எங்கேயும் வரவில்லை. போஸ்டரில் இல்லை, யூடியூபில் இல்லை.

போன வாரம் எட்வினோடு சண்டை போட்டாள். இந்தக் குரலை வைத்துக்கொண்டு சண்டை எங்கே போடுவது? போனில் டைப் செய்து டைப் செய்தே போட்டாள். கடைசியில் அவனிடமிருந்து பதில் வந்தது. நாலாவது பாட்டுக்கு முன்னால் உன் பேரைச் சொல்கிறேன், சத்தியம், வந்துவிடு.

வந்துவிட்டாள். ஆபீசில் பல்வலி என்று சொல்லிவிட்டு, உடுத்தியிருந்த காட்டன் சுடிதாரோடு.

முதல் பாட்டு. இரண்டாவது. மூன்றாவது.

துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள். நாலே நாலு எழுத்து. அதைக் கேட்பதற்கா இப்படி அல்லாடுகிறோம் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

எட்வின் மைக்கைப் பிடித்தான்.

"அடுத்த பாட்டை எழுதினது பொற்கொடி."

சொல்லிவிட்டான்! அடப்பாவி, நிஜமாகவே சொல்லிவிட்டான்! அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"துருவேறியோட முதல் குரல் அவங்கதான். எங்களுக்கெல்லாம் உயிர் குடுத்த குரல்." நிறுத்தினான். "அவங்க இப்ப நம்ம கூட இல்ல."

பேண்டில் இல்லை என்றுதான் சொல்ல வந்தான். அவன் என்றைக்கு வார்த்தையைப் பார்த்துப் போட்டான்? அதற்குத்தானே அவள் இருந்தாள்.

ஹால் முழுக்க ஒரு முனகல் எழுந்தது. யாரோ "ஐயோ" என்றார்கள். முன்வரிசையிலிருந்து ஒருவன் கையை உயர்த்தி, "ஒரு நிமிஷம் மௌனம்!" என்று கத்தினான்.

இருநூறு தலைகள் குனிந்தன. அவள் போன பிறகு சேர்ந்த, அவளை ஒரு நாளும் பார்த்திராத டிரம்மர் தொப்பியைக் கழற்றினான்.

எட்வின் திகைத்துப்போனான். இல்லையில்லை என்று கையை ஆட்டப் போனான். அதற்குள் தூணோரம் அவள் நிற்பதைப் பார்த்துவிட்டான்.

ஒரு வார்த்தை போதும். உயிரோடுதான் இருக்கிறாள், அதோ நிற்கிறாள் என்று ஒரு வார்த்தை. கூட்டம் சிரித்திருக்கும். கைதட்டியிருக்கும்.

அவன் கூட்டத்தைப் பார்த்தான். இந்த ஊரில் எந்த பேண்டுக்கும் ஒரு கூட்டம் இப்படிக் கண் கலங்கி நின்றதில்லை.

மறுபடி அவளைப் பார்த்தான். மெல்லக் கைகளைக் கூப்பினான்.

மற்றவர்களுக்கு அது அஞ்சலி. அவன் கெஞ்சுகிறான் என்று அவளுக்கு மட்டும் தெரிந்தது.

படுபாவி.

ஸ்பீக்கரின் இரைச்சல் தவிர ஒரு சத்தம் இல்லை. அவள் குரல் மேடை வரைக்கும் எட்டுமென்றால் இந்த ஒரு நிமிடத்தில்தான் எட்டும். விட்டால் இனி எட்டாது.

தூணை விட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"எட்வின்," என்றாள். "நான் இருக்கேன்டா."

குரல் கரகரத்தது. பாதியில் உடைந்தது. ஆனாலும் வந்தது.

நாலைந்து தலைகள் கோபமாகத் திரும்பின. பக்கத்தில் நின்ற இளைஞன் அவளை மேலும் கீழும் பார்த்தான். அவன் கன்னமெல்லாம் கண்ணீர்.

"ஒரு நிமிஷம் பேசாம இருங்கக்கா," என்றான். "செத்தவங்களுக்குக் கொஞ்சம் மரியாதை குடுங்க."

மேடையில் எட்வின் கண்களை மூடிக்கொண்டான்.

"ஸாரி தம்பி," என்றாள்.

எல்லோரையும் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.